குழந்தையோடு ஒரு காலைப் பயணம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மார்கழியும் தையும் செட்டிநாட்டில் பூட்டிய வீடுகள் திறக்கும் மாதங்கள். பிள்ளையார் நோன்பு, அரையாண்டு விடுமுறை, பொங்கல் என்று ஏதோ ஒரு காரணத்தால் வெளியூர்ப் பிள்ளைகள் எல்லாரும் ஊருக்கு வந்துவிடுகிறார்கள். வந்த மறுநாளே எங்கே போகலாம் என்ற பேச்சும் தொடங்கிவிடுகிறது. இது தொடர்பாக வந்த கடிதங்களில், ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளைப் பற்றியவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: பிள்ளையார் நோன்புக்காகச் சென்னையிலிருந்து கோட்டையூருக்கு வருகிறோம். மகளுக்கு ஒன்றரை வயது. காலை ஆறு மணிக்கு வேனில் கிளம்பினால் பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி, குன்றக்குடி, ஆத்தங்குடி, கானாடுகாத்தான், திருமயம் ஆகிய எல்லாவற்றையும் இருட்டுவதற்குள் பார்த்துவிடலாம் என்று மாமா திட்டம் போட்டிருக்கிறார். குழந்தை தாங்குமா? தாங்காது என்றால் அவர் மனம் கோணாமல் எப்படிச் சொல்வது?
— வாசகி, சென்னை

பதில்: உங்கள் மாமனாரின் கணக்கு தூரக் கணக்கு. அதில் பிழையில்லை. காரைக்குடியை நடுவில் வைத்துப் பார்த்தால் அவர் சொன்ன இடங்களில் எதுவும் முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் இல்லை. ஆனால் ஒன்றரை வயதுக் குழந்தையோடு போகும்போது நேரத்தைத் தின்பது சாலை அன்று. இறங்குவது, கால் கழுவுவது, செருப்பை விடுவது, துணி மாற்றுவது, அழுகையை அமர்த்துவது, மறுபடி ஏற்றுவது என்று ஒவ்வோர் இடத்திலும் வரும் சில்லறை வேலைகள்தாம் நேரத்தைத் தின்கின்றன. ஆறு இடம் என்றால் அவ்வளவும் ஆறு முறை.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்காக வெளியிட்ட வழிகாட்டுதல் இரண்டு செய்திகளைச் சொல்கிறது. ஒன்று முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்பது முதலாவது. தள்ளுவண்டியிலோ முதுகிலோ கட்டி, அசைய விடாமல் ஒரே தொடர்ச்சியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வைக்கக் கூடாது என்பது இரண்டாவது. காருக்கும் வேனுக்கும் இதே அளவை வைத்துக்கொண்டால், செட்டிநாட்டில் இருந்துகொண்டு ஒரு மணி நேர எல்லைக்குள்ளேயே வேண்டிய அளவு பார்த்துவிடலாம். ஆகவே உங்களுக்குத் தூரம் தடையில்லை. பகல் தூக்கம் ஒன்றுதான் தடை. அந்தத் தூக்கத்தை வேனில் அரைகுறையாக முடித்த குழந்தை மாலையில் என்ன பாடு படுத்தும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஏழு மணிக்குப் புறப்பட்டுப் பதினொன்றரைக்குள் வீடு திரும்புவது என்று வைத்துக்கொண்டு, ஒரு காலைக்கு ஓர் இடம் என்று பிரித்துவிடுங்கள். பிள்ளையார்பட்டி ஒரு காலை. மலையைக் குடைந்த அந்தக் கருவறையில் கூட்டமுள்ள நாளில் காற்றோட்டம் குறைவு என்பதால், நடை திறந்த சிறிது நேரத்தில் போய்விடுவது குழந்தைக்கு நல்லது. ஆங்கிலப் புத்தாண்டு அன்றும் சங்கடஹர சதுர்த்தி அன்றும் தவிர்த்துவிடுங்கள். பக்கத்திலேயே இருக்கும் வைரவன்பட்டியைக் குழந்தையின் முகத்தைப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளலாம், விட்டும்விடலாம். குன்றக்குடியில் சண்முகநாதர் மேலே இருப்பதால் படி ஏற ஒருவர், குழந்தையைத் தூக்க ஒருவர் என்று இரண்டு பேராவது வேண்டும். தைப்பூசத்துக்கு முந்தைய நாள்களில் அந்தச் சாலைகளில் பழனிக்குக் காவடியோடு நடந்து போகிறவர்கள் நிறைந்திருப்பார்கள். வண்டி மெதுவாகத்தான் நகரும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

திருமயத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் கோட்டை என்றால் பூங்காவைப் போல நினைத்துக்கொள்கிறார்கள். சேதுபதி மன்னர் 1687-இல் கட்டிய அந்தக் கோட்டையின் உச்சியில் பீரங்கி இருக்கும் மேடை வரை பாறைச் சரிவிலும் படியிலும் ஏறிச் செல்ல வேண்டும். மேலே பல இடங்களில் பாறையின் விளிம்பு அப்படியே இறங்குகிறது. நடக்கத் தொடங்கிய குழந்தைக்குக் கையை உதறிக்கொண்டு ஓடுவதுதான் அந்த வயதின் சந்தோஷம். அதனால் மேலே போவதென்றால் இடுப்பில் வைத்தபடியே போய், வைத்தபடியே இறங்க வேண்டும். எட்டு மணி வெயிலில் அது சுகமாக இருக்கும். பதினோரு மணிக்குப் பாறை சுடும். மார்கழி என்றாலும் நம் பக்கத்து உச்சி வெயிலுக்கு மாதம் தெரியாது. கீழேயே ஒரு மதில் நிழலில் அரை மணி நேரம் குழந்தையை ஓடவிட்டு, பாட்டியும் தாத்தாவும் சத்தியமூர்த்திப் பெருமாளைச் சேவித்துவிட்டு வரும்வரை காத்திருப்பதே எனக்குப் பிடித்த ஏற்பாடு.

இனி மாமனாரிடம் பேசுவது. குழந்தையால் முடியாது என்று தொடங்கினால், நாங்கள் எல்லாம் கைக்குழந்தையோடு மாட்டு வண்டியில் பழனிக்கே போனோம் என்ற பதில்தான் வரும். அவருடைய திட்டத்திலேயே ஒரு சிக்கல் இருக்கிறது, அதை எடுத்துச் சொல்லுங்கள்: நம் கோயில்கள் நண்பகலில் நடை சாத்தி மாலை நான்கு மணி வாக்கில்தான் திறக்கும். ஆறு இடங்களை வரிசையாகப் போட்டால் அவற்றில் ஒரு கோயிலாவது பூட்டிய கதவாகத்தான் கிடைக்கும். கோயில்களைக் காலையில் தனியாக வைத்துக்கொள்ளலாம் மாமா என்று நீங்கள் சொன்னால், அது குழந்தைக்காகச் சொன்னதாகவும் இராது. அதற்கும் அவர் இணங்காவிட்டால், முழுச் சுற்றைப் பெரியவர்களுக்கு விட்டுவிட்டு, முதல் இடம் முடிந்ததும் குழந்தையோடு யார் எந்த வண்டியில் வீடு திரும்புவது என்பதை முந்தின இரவே முடிவு செய்துகொள்ளுங்கள். வழியில் முடிவு செய்யலாம் என்று விட்டால் அந்தப் பேச்சு வாக்குவாதமாகத்தான் முடியும்.

கேள்வி: காலைப் பனியில் குழந்தையை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று அப்பத்தா தடுக்கிறார். போவதானால் நெஞ்சில் சூடத் தைலம் தேய்த்து, கம்பளித் தொப்பி, சாக்ஸ், இரண்டு சட்டை என்று போட்டு அனுப்புகிறார். பத்து மணிக்குள் குழந்தை வியர்த்து நனைந்துவிடுகிறான். எது சரி?
— வாசகர், தேவகோட்டை

பதில்: தொப்பி விஷயத்தில் அப்பத்தா சொல்வதில் பாதி சரி. விடியற்காலையில் குளிர்காற்று படும்படி ஜன்னலைத் திறந்துவைத்து வண்டி ஓட்டும்போது தலையும் காதும் மூடியிருப்பது நல்லதுதான். ஆனால் நம் ஊர்க் குளிர் ஊட்டிக் குளிர் அன்று. எட்டரை மணிக்கு மேல் அது விலகிவிடும். ஆகவே தடித்த ஒரே கம்பளிச் சட்டையைவிட, மெல்லிய பருத்திச் சட்டையின் மேல் முன்பக்கம் பொத்தான் வைத்த இன்னொரு சட்டை என்று அடுக்கிப் போட்டு, வெயில் ஏற ஏற மேலுள்ளதைக் கழற்றிவிடுங்கள். கையும் காலும் சில்லென்று இருப்பதை வைத்துக் குளிரை அளக்காமல், பிடரியில் விரல் வைத்துப் பாருங்கள். அங்கே ஈரமாக இருந்தால் துணி அதிகம். கோயிலுக்குள் சாக்ஸைக் கழற்றிவிட வேண்டும். வழுவழுப்பான கல்தளத்தில் அது வழுக்கும்.

சூடத்தில் மட்டும் நான் அப்பத்தாவோடு உடன்பட மாட்டேன். கற்பூரம் சிறிதளவு வாய்க்குள் போனாலே சிறு குழந்தைக்கு வலிப்பு வரக்கூடும். தோல் வழியாகவும் அது உடலுக்குள் போகும். கற்பூரம் கலந்த நெஞ்சுத் தைலங்களை இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அந்தப் புட்டிகளின் மேலேயே அச்சிட்டிருப்பதைப் படித்துக் காட்டுங்கள். கழுத்தில் துணியில் முடிந்து தொங்கவிடும் சூடமும் இதில் சேரும், ஏனென்றால் இந்த வயதில் கழுத்தில் தொங்குவது எதுவும் வாய்க்குத்தான் போகிறது. அப்பத்தாவுக்கு வேறு ஒரு வேலை கொடுங்கள்: முழுக்கைச் சட்டையும் முழுக்கால் சட்டையும் அவரே தேர்ந்தெடுத்துப் போட்டுவிடட்டும். மழை விட்ட மாதங்களில் டெங்கு கொசு பகலில்தான் கடிக்கும். அதற்கு அந்த உடுப்பே முதல் காவல். கொசு விரட்டிக் களிம்பு வாங்குவதாக இருந்தால், எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெய் சேர்ந்தது மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆகாது என்பதைக் கவனித்து வாங்குங்கள்.

கேள்வி: இரு சக்கர வண்டியில் முன்னால் நிற்க வைத்து இரண்டரை வயது மகனைக் குன்றக்குடிக்குக் கூட்டிப்போகலாமா?
— வாசகர், காரைக்குடி

பதில்: முன்னால் நிற்க வைத்து வேண்டாம். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2022 பிப்ரவரியில் வந்த திருத்தம், 2023 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தையை ஓட்டுநருக்குப் பின்னால் உட்காரவைத்து, பாதுகாப்பு வார்ப்பட்டையால் ஓட்டுநரோடு இணைத்துக் கட்ட வேண்டும், அளவான தலைக்கவசம் அணிவிக்க வேண்டும், மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று அது சொல்கிறது. காரில் போகிறவர்களுக்கும் தனி விதி உண்டு. பதினான்கு வயதுக்குட்பட்டவரை இருக்கை வாரோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம். அபராதத்தை விடுங்கள், திடீரென்று பிரேக் போட்டால், மடியில் இருக்கும் குழந்தையை எந்தத் தாயின் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது.

கேள்வி: ஊருக்கு வந்தால் வீட்டில் பலகாரம் அடுக்கியிருக்கும். வண்டியில் போகும்போது அழாமல் இருக்கச் சீடையும் மணகோலமும் கையில் கொடுத்துவிடுகிறார்கள். வெளியே சாப்பாடு கொடுக்கவும் பயமாக இருக்கிறது. பயணத்தில் இரண்டு வயதுக் குழந்தைக்கு என்ன கொடுக்கலாம்?
— வாசகி, பள்ளத்தூர்

பதில்: சீடையை முதலில் கையிலிருந்து வாங்கிவிடுங்கள். நம் பலகாரங்களில் குழந்தைக்கு மிகுந்த ஆபத்து அதில்தான் இருக்கிறது. உருண்டை, கடினம், வழுக்கல் ஆகிய மூன்றும் சேர்ந்த பொருள் குழந்தையின் மூச்சுக்குழாயை அப்படியே அடைக்கும் அளவில் இருக்கிறது. ஓடும் வண்டியில், குலுக்கலில், பின்னிருக்கையில் என்றால் பார்க்கவும் ஆள் இருக்காது. மணகோலத்தில் கலந்திருக்கும் வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் அதே வகை. முழுக் கடலையை ஐந்து வயது ஆகும் வரை தராமல் இருப்பது நல்லது. மாவுருண்டை வாயில் கரையும் என்று நினைத்துக் கொடுக்கிறார்கள்; சிரிக்கும்போதோ அழும்போதோ அந்த மாவு உள்ளே இழுபட்டால் புரையேறும்.

நம் வீட்டு அடுப்பங்கரையிலேயே இதற்கு மாற்று இருக்கிறது. கும்மாயம் மெத்தென்று இருக்கும், உளுந்தும் பாசிப்பருப்பும் சேர்ந்தது, ஒரு கரண்டி போதும். கவுனி அரிசியை நன்றாகக் குழைய வேகவைத்துத் தேங்காய்ப்பூவும் சிறிது சர்க்கரையும் சேர்த்துக் கொடுக்கலாம். பால் பணியாரத்தைத் துண்டாக்கித் தேங்காய்ப் பாலில் நன்கு ஊறிய பிறகு தரலாம், முழுதாக வேண்டாம். இடியாப்பம் இருக்கவே இருக்கிறது. எதைக் கொடுத்தாலும் வண்டியை நிறுத்தி, குழந்தையை நிமிர்ந்து உட்காரவைத்துக் கொடுங்கள். அழுகையை அடக்கப் பலகாரம் என்ற பழக்கத்துக்கு நான் எப்போதும் எதிரி; அழும் வாயில் எதையும் வைக்கக் கூடாது என்பதால் மட்டுமன்று, பாதி வழியில் வரும் அழுகை பெரும்பாலும் இறங்கி நடக்க வேண்டும் என்ற அழுகைதான்.

உண்மையாகவே தொண்டை அடைத்து, குரலோ இருமலோ வராமல் குழந்தை திணறினால், விரலை விட்டுத் துழாவாதீர்கள். ஒரு வயது கடந்த குழந்தையைக் குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை ஓங்கித் தட்டி, வெளிவராவிட்டால் பின்னாலிருந்து அணைத்தாற்போல் பிடித்து, தொப்புளுக்குச் சற்று மேலே கைமுட்டியை வைத்து ஐந்து முறை உள்ளும் மேலுமாக அழுத்த வேண்டும். வெளியே வரும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். அதற்குள் இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, சமைத்த உணவைச் சாதாரண வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற விதியைப் பின்பற்றினால் போதும். ஏழு மணிக்குக் கட்டிய இட்லியைப் பதினோரு மணிக்கு எடுப்பதாக இருந்தால் அது சூடு காக்கும் பாத்திரத்தில், ஆவி பறக்க வைத்ததாக இருக்க வேண்டும். காலையிலேயே வீடு திரும்பிவிடுகிற பயணத்துக்கு இந்தக் கவலையே பெரிதாக இராது. ஒரு வேளை பலகாரமும் ஒரு வாழைப்பழமும் கொதித்து ஆறிய தண்ணீரும் எடுத்துக்கொண்டால் ஆயிற்று. உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஒன்று பையில் இருக்கட்டும். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகத்தான் கரைக்க வேண்டும், பாதியாகப் பிரிக்கக் கூடாது; கரைத்ததை 24 மணி நேரத்துக்குப் பிறகு கொட்டிவிட வேண்டும்.

கேள்வி: கோயிலும் கோட்டையும் இரண்டு வயதுப் பேத்திக்கு என்ன புரியும்? அவள் கொக்கு, காக்கை என்றால்தான் கை தட்டுகிறாள். வேட்டங்குடிக்குக் கூட்டிச் செல்லலாமா?
— வாசகர், திருப்பத்தூர்

பதில்: தாராளமாக. நீங்கள் இருக்கும் ஊரிலிருந்து மதுரைச் சாலையில் சிறு தொலைவுதான். கொள்ளுகுடிப்பட்டி, பெரிய கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி ஆகிய ஊர்களின் கண்மாய்களைச் சேர்த்து 1977-இல் சரணாலயமாக அறிவித்தார்கள். பறவைகள் கலைந்துவிடும் என்பதற்காக அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. அப்படிப்பட்ட ஊருக்குப் போகும்போது நம் வண்டியின் ஒலிப்பானையும் கைப்பேசிப் பாட்டையும் அடக்கிவைப்பது நம் பொறுப்பு.

இந்த ஓர் இடத்துக்கு மட்டும் காலை என்ற விதியைத் தளர்த்தலாம். பகல் தூக்கம் முடிந்து பால் குடித்த பிறகு, நான்கரை மணி வாக்கில் கரையில் இருந்தால், இரை தேடப் போன பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பி வருவதைப் பார்க்கலாம். இரண்டு வயதுக் கண்ணுக்குத் தொலைநோக்கி பயன்படாது. அதைக் கண்ணில் சரியாக வைத்துப் பார்க்க அந்த வயதில் தெரியாது, வைத்தவுடன் தள்ளிவிடுவார்கள். கரையை ஒட்டிய மரங்களில் இருப்பதைக் காட்டுங்கள். நத்தைகுத்தி நாரையை அவளுக்குச் சுலபமாக அடையாளம் காட்டலாம்: சாம்பல் வெள்ளை உடல், கறுத்த சிறகு, அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். ஒன்று கூட்டில் இறங்கும்போது மற்றது அலகைத் தட்டி எழுப்பும் சத்தம் கரை வரை கேட்கும். பேத்தி அதைத்தான் வீட்டுக்கு வந்தும் செய்து காட்டிக்கொண்டிருப்பாள்.

எச்சரிக்கை இரண்டு. மழை பெய்த ஆண்டில் கண்மாய் நிறைந்திருக்கும், பறவையும் அப்போதுதான் வரும். அதே நீர்தான் ஆபத்தும். குழந்தை மூழ்குவதற்கு ஆழம் வேண்டியதில்லை, சத்தமும் வராது. கரையில் இருக்கும் வரை குழந்தையின் கை ஒரு பெரியவரின் கையில் இருக்க வேண்டும், அந்தப் பெரியவர் படம் எடுப்பவராக இருக்கக் கூடாது. ஊருணிப் படிக்கட்டுகளுக்கும் இதே விதிதான். இன்னொன்று, புல்லிலும் புதரிலும் வெறும் தரையிலும் உட்கார வைக்காதீர்கள். மழைக்குப் பிந்தைய குளிர் மாதங்களில் உண்ணிக் காய்ச்சல் பரப்பும் சிறு பூச்சிகள் அங்கேதான் இருக்கும். விரிப்பைப் போட்டு உட்காருங்கள். வீட்டுக்கு வந்ததும் உடுப்பை மாற்றி, குளிப்பாட்டி, அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு ஆகிய இடங்களைப் பாருங்கள். அடுத்த இரண்டு மூன்று வாரங்களில் காய்ச்சல் வந்து, உடம்பில் எங்காவது சிகரெட் சுட்டது போன்ற கருத்த பொருக்கு தெரிந்தால், கரைக்குப் போய்வந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். உரிய மருந்தால் விரைவில் குணமாகும் நோய்தான், தாமதமானால்தான் தொல்லை.

மழை பொய்த்த ஆண்டில் போய் ஏமாறாதீர்கள். புறப்படும் முன் அந்தப் பக்கத்து ஊர்க்காரர் யாரிடமாவது கண்மாயில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: மூன்று வயதுப் பேரனுக்கு நம் பண்பாட்டைக் காட்ட வேண்டும் என்று ஆசை. சித்தன்னவாசல் ஓவியம், கீழடி அருங்காட்சியகம் இரண்டில் எது ஏற்றது?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கானாடுகாத்தான்

பதில்: ஐயா, இரண்டுமே உங்களுக்கு ஏற்றவை. பேரனுக்கு இன்னும் சில ஆண்டுகள் போகட்டும். 2023-இல் திறந்த கீழடி அருங்காட்சியகத்தில் காட்சிப் பொருள்கள் கண்ணாடிக்குப் பின்னால். தொடாமல் பார்க்கிற பொறுமை மூன்று வயதில் பத்து நிமிடம் நிற்காது, உங்களுக்கோ அங்கே இரண்டு மணி நேரமும் போதாது. சித்தன்னவாசலில் அறிவர் கோயில் ஓவியங்கள் கூரையில் இருக்கின்றன. அவனுக்குக் கழுத்து வலிக்கும். சமணர் படுக்கைகள் உள்ள ஏழடிப்பட்டக் குகைக்கு ஏறும் பாறைப் பாதையில் குழந்தையைக் கூட்டிப்போவது வேண்டவே வேண்டாம்.

உங்களுக்கு மிக அருகில் ஆத்தங்குடி இருக்கிறது. பூக்கல் போடும் பட்டறை ஒன்றில் அனுமதி கேட்டு, அவனை அரை மணி நேரம் உட்கார வைத்துப் பாருங்கள். சதுரக் கண்ணாடித் தகட்டை முதலில் துடைத்து வைப்பார்கள். அதன்மேல் பூ வடிவில் பிரித்த தகர அச்சை வைத்து, ஒவ்வோர் அறையிலும் ஒரு நிறமாகச் சாயக் கலவையைச் சின்னக் கரண்டியால் ஊற்றுவார்கள். சிவப்பு அதன் அறையிலும் பச்சை அதன் அறையிலும் நிற்கும். அச்சைத் தூக்கியதும் நிறங்கள் ஒன்றையொன்று தொட்டும் கலக்காமல் அப்படியே இருக்கும். அதன்மேல் மணலும் சிமெண்டும் உலர்ந்த பொடியாகத் தூவி, பிறகு ஈரக் கலவையை அப்பிக் கரண்டியால் இழைத்துவிடுவார்கள். காய்ந்து, தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறி, கண்ணாடி தானே விடுபட்டு வரும்போது அடியில் பளபளவென்று பூ இருக்கும். அவன் தினமும் தவழ்ந்து விளையாடிய உங்கள் வீட்டுப் பட்டாலைத் தரையும் இப்படித்தான் வந்தது என்று அங்கே வைத்தே சொல்லுங்கள். மூன்று வயதுக்கு அதைவிடப் பெரிய பண்பாட்டுப் பாடம் எனக்குத் தெரியவில்லை. தொட்டி நீரும் கண்ணாடி விளிம்பும் சிமெண்டுத் தூசியும் இருக்கிற இடம் என்பதால் அவன் உங்கள் மடியை விட்டு இறங்கக் கூடாது, அவ்வளவுதான்.

கேள்வி: தை மூன்றாம் நாள் சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு இரண்டு வயதுக் குழந்தையோடு போய்வரலாமா? நாட்டரசன்கோட்டை செவ்வாய்ப் பொங்கலுக்கு?
— வாசகி, புதுவயல்

பதில்: சிராவயலுக்கு வேண்டாம். பொட்டலில் கட்டுமாடாக அவிழ்த்துவிடும் காளைக்கு இது பார்வையாளர் பக்கம் என்று தெரியாது. கூட்டம் சிதறினால் குழந்தையோடு ஓட முடியாது. வீட்டில் ஒருவர் குழந்தையோடு இருந்துவிடட்டும், இந்த ஆண்டு தாய், அடுத்த ஆண்டு தந்தை என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். மாட்டுப் பொங்கலன்று சொந்தத்தில் யார் வீட்டுத் தொழுவத்திலாவது கொம்புக்கு வண்ணம் பூசுவதைக் காட்டினால் அவளுக்கு அதுவே நிறைவு.

பொங்கலுக்கு அடுத்து வரும் முதல் செவ்வாய்க்கிழமை கண்ணாத்தாள் கோயில் முன்பு வைக்கும் பொங்கல் பார்க்க வேண்டிய காட்சிதான். முதல் பானை யாருடையது என்று சீட்டுப் போட்டு எடுப்பதும், அது வைத்த பிறகு வரிசை வரிசையாக நூற்றுக்கணக்கான பானைகள் பொங்குவதும் வேறெங்கும் பார்க்கக் கிடைக்காது. ஆனால் அத்தனை விறகடுப்பின் புகையும் ஓரிடத்தில் எழுகிறது. இழுப்பு, சளி உள்ள குழந்தையை அழைத்துப் போகாதீர்கள். நலமாக உள்ள குழந்தையாக இருந்தாலும் புகை போகும் திசைக்கு எதிர்ப்பக்கம் நின்று, கால் மணி நேரம் காட்டிவிட்டுத் திரும்புங்கள். உங்கள் புள்ளிக்கும், அதாவது உங்கள் குடும்பத்துக்கும், பானை உண்டு என்றால், கொதிபானைக்கு அருகில் குழந்தையை விடாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒருவரைத் தனியாக அழைத்துப் போங்கள்.

கேள்வி: கையில் கார் இல்லை. பேருந்தில் குழந்தைக்கு வாந்தி. குறைந்த செலவில், அரை நாளில் போய்வர ஏதாவது உண்டா?
— வாசகர், செக்காலை, காரைக்குடி

பதில்: ரயில் இருக்கிறதே. காரைக்குடியில் ஏறிப் புதுக்கோட்டையில் இறங்க ஏறத்தாழ முக்கால் மணி நேரம். கோட்டையூர், செட்டிநாடு, திருமயம் என்று சிறு சிறு நிலையங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனி இருக்கை கேட்காவிட்டால் பயணச்சீட்டு வேண்டாம். பேருந்தின் திருப்பங்களில் வாந்தி எடுக்கும் குழந்தைகளில் பலர் ரயிலில் எடுப்பதில்லை. நடந்து திரியவும் இடமிருக்கிறது. ஜன்னலோரத்தில் உட்கார வைத்தால் கை வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கதவுப் பக்கம் போகவே விடாதீர்கள். புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பாக லேசாக ஏதாவது கொடுத்துவிட்டால் போதும். வெறும் வயிறும் கெடுதல், நிறைந்த வயிறும் கெடுதல்.

புதுக்கோட்டையில் இறங்கி எங்கே போவது என்பது இரண்டாவது கேள்விதான், ஏனென்றால் குழந்தைக்கு ரயிலே ஊர். நேரம் இருந்தால் திருக்கோகர்ணத்தில் 1910 முதல் இருந்து வரும் அரசு அருங்காட்சியகத்துக்கு ஆட்டோவில் போகலாம். பதப்படுத்திய விலங்குகளும் பறவைகளும் இருக்கும் கூடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கல்வெட்டும் நாணயமும் உங்களுக்காக இன்னொரு நாள் காத்திருக்கும். விடுமுறை நாளை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இந்தத் தடத்தில் பகலில் ஓடும் வண்டிகள் குறைவு என்பதால், போகும் வண்டியைவிடத் திரும்பும் வண்டியின் நேரத்தை முதலில் பார்த்துக்கொண்டு புறப்படுங்கள்.